நியூயார்க் விடுதி அறையில் அண்ணல் கற்ற பாடம்

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அம்பேத்கர் சிலையோ படமோ இல்லாத காலனியைக் காண்பது அரிது. பட்டரைப்பெரும்புதூரில் அவர் பெயரில் அரசு சட்டக் கல்லூரியே இருக்கிறது. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவர் கடல் கடந்து போய் விடுதியில் தங்கிப் படித்த மாணவர் என்பதையும், அந்த விடுதி வாழ்க்கை அவரை என்ன செய்தது என்பதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. விடுதியில் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்த வாரம் அதைப் பேசுவோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர் பீமராவ். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். சாதாராவில் பள்ளிக்குப் போனபோது, உட்கார வீட்டிலிருந்து கோணிச் சாக்கு கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீரும் கிடையாது. ஒரே வகுப்பில் படித்தாலும் சேர்ந்து படிப்பதாக ஆகாது என்பதை அந்த வயதிலேயே அவர் பார்த்துவிட்டார்.

பிறகு குடும்பம் மும்பைக்கு வந்தது. பரேலில் ஒற்றை அறை வீடு. சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் அதற்குள்தான். மகனைச் சீக்கிரம் தூங்க வைத்துவிட்டு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார் ராம்ஜி. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அப்பா காலமானார்.

அந்த 1913ஆம் ஆண்டிலேயே பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலில் ஹார்ட்லி ஹால் என்ற விடுதியில் தங்கினார். சாப்பாடு ஒத்துவரவில்லை. இந்திய மாணவர்கள் இருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். அதன்பின் லிவிங்ஸ்டன் ஹால் விடுதிக்குப் போனார். அங்கே அவருடன் தங்கியவர் நவல் பதேனா என்ற பார்சி மாணவர்.

அந்த விடுதியில் அவர் யாருடைய அனுமதிக்காகவும் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் குடித்த குழாயில்தான் அவரும் குடித்தார். சாதாரா பள்ளியில் சாக்கில் உட்கார்ந்த பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கிடைத்த விடுதலையை அவர் வீணாக்கவில்லை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து மனைவி ரமாபாய்க்குப் பணம் அனுப்பினார். பொருளாதாரத்தோடு நிற்காமல் வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் என்று தேடித் தேடிப் படித்தார். அப்பாவின் நண்பருக்கு அங்கிருந்து எழுதிய கடிதத்தில், பெண்பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைத்தால்தான் முன்னேற்றம் வேகமாக வரும் என்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி நிலைக்கிறது என்று ஒரு கருத்தரங்கில் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். சாதியின் தொந்தரவு இல்லாத இடத்தில் இருந்துகொண்டுதான் சாதியை நிதானமாக ஆராய அவரால் முடிந்தது.

அடுத்து லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் ஊர் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர வேண்டும். அங்கேதான் பழைய சாதாரா மறுபடி எதிரே வந்தது. வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தனக்கு மறந்துபோயிருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும், எங்கே தங்குவது என்ற கேள்வி அதை நினைவுபடுத்தியது. எந்த இந்து விடுதியும் சேர்க்காது. வேறு வழியில்லாமல் ஒரு பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் காலை, கையில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து வெளியேறச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் மும்பை திரும்பினார். அத்தனை படித்தவருக்கு அந்த நகரத்தில் படுக்க ஒரு இடமில்லை.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் தோழனாக இருந்தவர் பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். நவல் பதேனாவின் நட்பு கடைசிவரை நீடித்தது. 1920இல் அண்ணல் மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடிக்க, கடன் கொடுத்து உதவியவர்களில் அவரும் ஒருவர். ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படித்தவன் மனிதனைப் பார்த்தான். அப்படிப் பழகாதவர்கள் சாதியை மட்டும் பார்த்தார்கள்.

இந்தப் பாடத்தை அண்ணல் மறக்கவில்லை. 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு தொடக்கத்தில் அந்தச் சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. மகத் குளத்துப் போராட்டத்துக்கு இரண்டு ஆண்டு முந்தைய செய்தி இது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் அவுரங்காபாத்தில் இன்று மிலிந்த் என்று வழங்கும் கல்லூரியும் எழுந்தன. 1956 டிசம்பர் 6 அன்று மறையும்வரை கல்விக்கான வேலையை அவர் நிறுத்தவில்லை.

நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு வரும் இளைஞர்களும், பொன்னேரியிலும் திருத்தணியிலும் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும் அறை தேடி அலைகிறார்கள். வாடகை பேசும் முன்பே எந்தத் தெரு என்று விசாரிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பரோடா ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. அதனால்தான் அரசு விடுதிகள் நமக்கு முக்கியம். ஆதிதிராவிடர் நல விடுதிகளை 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. இவற்றில் பிற வகுப்பு மாணவர்களுக்கும் இடம் உண்டு.

ஆனாலும் விடுதிப் பிள்ளை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தினமும் மூன்று மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் கழிக்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கூச்சம் வேண்டாம். இடம் காலியிருக்கிறதா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சேர்ந்த பின் மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். தண்ணீர், கழிப்பறை, நூலகம் சரியில்லை என்றால் ஒன்றாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பெற்றோர்களே, மகனை அனுப்பும் துணிச்சலோடு மகளையும் அனுப்புங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எந்த ஊர், எந்தத் தெருவாக இருந்தாலும் தோழமையோடு பழகுங்கள். இன்னொரு நவல் பதேனா அந்தக் கட்டிலில் இருக்கலாம்.