மருந்தின் பேரைக் கேட்ட அம்மையார்



காலையில் பெரட்டு முடிந்ததும் தோம்பைச் சுமந்துகொண்டு மருந்தடிக்கப் போகிறோம். உள்ளே என்ன இருக்கு என்று கேட்டால், புல்லு மருந்து என்பார்கள். அதோடு நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். அப்படி மூடிக்கொள்ளாத ஓர் அம்மையாரின் கதை இது. அவர் பெயர் ரேச்சல் கார்சன்.

1907-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். உயிரியல் படித்தார். 1935-ல் தகப்பனார் காலமானார். குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. மறு வருஷம் அரசாங்க மீன்வள இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். கடலைப் பற்றி 1951-ல் எழுதிய புத்தகம் பேர் வாங்கித் தந்தது. 1952-ல் வேலையை விட்டு, எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார்.

1957-ல் நியூயார்க் பக்கத்து லாங் தீவில், பூச்சியை ஒழிக்கிறோம் என்று அரசாங்கமே விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தது. ரசாயன மருந்தே போடாமல் காய்கறி விளைத்த மார்ஜரி ஸ்போக் அம்மையாரின் தோட்டத்தையும் அது விடவில்லை. அவர் சிலரோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். ஆனால் அந்த வழக்கில் சேர்ந்த சாட்சியங்கள் கார்சன் கைக்கு வந்தன. 1962-ல் அவருடைய 'மௌன வசந்தம்' வெளியானது.

மருந்துக் கம்பெனிகள் அவர்மேல் பாய்ந்தன. மார்புப் புற்றுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. அதை வெளியே சொல்லாமல் 1963-ல் செனட் குழு முன் சாட்சி சொன்னார். எல்லா மருந்தையும் ஒழி என்று அவர் கேட்கவில்லை. தன்மேல் விழும் விஷம் என்னவென்று அறிய ஜனங்களுக்கு உரிமை உண்டு என்றுதான் வாதாடினார். 1964-ல், 56 வயதில் கண்ணை மூடினார்.

அவர் போட்ட விதை பிறகு முளைத்தது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பெரும்பாலும் தடை செய்தது. 1990-ல் இயற்கை உணவுக்கென்றே சட்டம் வந்தது. அதன் விதிகள் 2002-ல் அமலாயின. பட்டியலில் அனுமதித்தது தவிர வேறு செயற்கை மருந்து அடித்த பயிரை இயற்கை விளைச்சல் என்று விற்க முடியாது.

நம் மலேசியாவில் பூச்சிமருந்துச் சட்டம் 1974-லேயே வந்தது. ஆனால் பாராகுவாட் முழுசாகத் தடையானது 2020 ஜனவரி 1-ந் தேதிதான். அதை அடித்து அடித்து நகம் உதிர்ந்தவர் என் அம்மா. அந்த மருந்தின் பேர் கடைசிவரை அவருக்குத் தெரியாது.

நாளைக்குத் தோம்பைத் தூக்குமுன் கேளுங்கம்மா: இது என்ன மருந்து?