மணி அய்யர் வீட்டு மிருதங்கம்

பாலக்காடு என்ற ஊர்ப்பெயரைத் தமிழகத்துச் சபாக்களெல்லாம் மிருதங்கத்தோடு சேர்த்தே சொல்லும்படி செய்தவர் மணி அய்யர். கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் அவர் பிறந்தது பாலக்காட்டில் அன்று. பாரதப் புழைக்குத் தெற்கே திருவில்வாமலைப் பக்கம், இன்று திருச்சூர் மாவட்டத்தில் சேர்ந்துள்ள பழையன்னூரில், 1912 ஜூன் 10ஆம் தேதி பிறந்தார். அன்று அது கொச்சி சமஸ்தானம். பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. எல்லை எப்படியிருந்தாலும், பையன் வித்தை கற்க வந்தது பாலக்காட்டுக்குத்தான். ஆகவே அந்தப் பெயரில் நமக்குப் பாத்தியதை உண்டு.

இயற்பெயர் ராமஸ்வாமி. தந்தை சேஷம் பாகவதர் வாய்ப்பாட்டுக்காரர். பாடகர் வீட்டுப் பிள்ளை பாடகனாகவே வரவேண்டும் என்று எண்ணுவது வழக்கம். பக்கவாத்தியக்காரருக்கு மேடையிலும் ஓரம், சன்மானத்திலும் ஓரம் என்றிருந்த காலம் அது. ஆயினும் பாகவதர் மகனின் கை போன வழிக்குக் குறுக்கே நிற்கவில்லை. கல்பாத்தியை ஒட்டிய சாத்தபுரத்தில் சுப்பய்யரிடம் மிருதங்கம் பயில விட்டார். அந்த ஒரு தீர்மானத்துக்காகவே சேஷம் பாகவதரை இசையுலகம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

1924இல் சென்னை ஜகந்நாத பக்த சபாவில் செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரி. பக்கத்தில் மிருதங்கத்துடன் அமர்ந்தது பன்னிரண்டு வயதுச் சிறுவன். நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நம் பக்கத்துச் சிறுவனைக் கைதூக்கிவிட்ட நாள் அது. பெயர் பரவியது. மேடையில் பாராட்டுக் கிடைத்துவிட்டதென்று அவர் படிப்பை நிறுத்தவில்லை. தஞ்சாவூர் சென்று வைத்தியநாதய்யரிடம் மீண்டும் மாணாக்கராக உட்கார்ந்தார்.

தஞ்சாவூரில் அவருடைய வாத்தியத்துக்குத் தோல் பூட்டிக் கொடுத்தவர் பர்லாந்து. செபாஸ்டியன் என்ற தந்தையிடமிருந்து வந்த தொழில் அது. அங்கும் ஒரு தந்தை, ஒரு மகன். வாசித்தவருக்குப் பொன்னாடை கிடைத்தது. மூட்டியவரின் பெயரை அந்நாளில் எந்த நோட்டீசும் அச்சிடவில்லை. 2020இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு நூலே எழுதிய பிறகுதான் பலருக்கு விவரம் தெரிந்தது.

மணி அய்யர் வாசிப்பின் பெருமை பாட்டோடு இழைந்து போவது. வெறும் தாளக் கணக்கை எண்ணிக்கொண்டிராமல், கீர்த்தனையின் சொல் எங்கே விழுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கவனித்து, அதற்கேற்ப வலந்தலையும் தொப்பியும் பேசும். சில இடங்களில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்த மௌனத்துக்கும் ரசிகர்கள் தலையசைப்பார்கள். நம் கோயில்களின் செண்டை மேளமும் தாயம்பகையும் அவர் கையில் கலந்திருந்தன என்று லயம் அறிந்தவர்கள் கூறுவதுண்டு.

பிறர் பிள்ளைகளுக்கும் அவர் தகப்பன் ஸ்தானத்தில் இருந்தார். கொல்லங்கோட்டு விஸ்வநாத பாகவதரின் மகன் நாராயணஸ்வாமியைத் தாமே ஆதரித்து, பின்னர் அரியக்குடி ராமானுஜ அய்யங்காரிடம் சேர்ப்பித்தார். பிற்காலத்தில் கே.வி. நாராயணஸ்வாமி எந்த உயரத்தை அடைந்தார் என்பது ஊரறிந்தது. பாலக்காடு ரகுவும் உமையாள்புரம் சிவராமனும் மணி அய்யரின் பயிற்சியில் உருவானவர்களே.

கொள்கைப் பிடிவாதமும் அவரிடம் நிறைய இருந்தது. ஒலிபெருக்கி நாதத்தைக் கெடுக்கிறதென்று 1960களில் அதை ஒதுக்கி வைத்தார். அதில் நியாயமுண்டு. பெண்கள் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்றும் நெடுங்காலம் இருந்தார். இதில் நியாயமில்லை, அந்தத் தலைமுறை வித்வான்கள் பலரிடம் இருந்த குறைதான். அவர் முதன்முதலில் வாசித்த பாடகி டி.கே. பட்டம்மாள். பல்லவி பாடுவதில் ஆண்களுக்கு இணையாக நின்ற அந்த அம்மையாருக்கு லய ஞானமே போதிய தகுதி. அவருடைய மகன் சிவகுமார் மணி அய்யரிடம் மிருதங்கம் கற்றவர். மணி அய்யர் தம் மகள் லலிதாவை அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார். மேடையில் ஒன்றாக அமர்ந்தவர்கள் வீட்டில் சம்பந்திகளாகவும் விளங்கினார்கள்.

விருதுகள் தாமாக வந்தன. 1956இல் சங்கீத நாடக அகாடமி, 1966இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1971இல் பத்மபூஷண். மிருதங்க வித்வான் ஒருவர் சங்கீத கலாநிதி ஆனது அதுவே முதல் தடவை. ஓரத்தில் இருந்த வாத்தியம் நடுவுக்கு வந்த ஆண்டு அது.

இத்தனைக்கும் பிறகு, பின்னாளில் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிக்குச் சென்று குழந்தைகளுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மகன்கள் ராஜமணி, ராஜாராம் இருவரும் மிருதங்கமே பயின்றார்கள். உலகம் அவரை மணி என்றே அழைத்தாலும், டி.ஆர். ராஜமணி, டி.ஆர். ராஜாராம் என்று பிள்ளைகளின் இனிஷியலில் ராமஸ்வாமி தங்கிவிட்டார்.

1981 மே 30ஆம் தேதி மணி அய்யர் காலமானார். லலிதாவின் மகள் நித்யஸ்ரீ அப்போது சிறுமி. தகப்பன் வழியில் பட்டம்மாளுக்கும் தாய் வழியில் மணி அய்யருக்கும் பேத்தியான அவர், பின்னர் பாட்டுக் கச்சேரிக்கே வந்தார்.