நள்ளிரவில் ஒலித்த சத்திரத்து மணி!

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் என்ன செய்வீர்கள்? மகா நந்தியைக் கும்பிட்டு, பெருவுடையாரைக் கண்குளிரத் தரிசித்து, பெரியநாயகி அம்மன் குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, வராஹி அம்மனுக்கு ஒரு விளக்கும் ஏற்றிவிட்டுப் பிராகாரம் சுற்றுவீர்கள்.

அடுத்த முறை தென்மேற்குப் பக்கம் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். அங்கே பிள்ளையார் சந்நிதி இருக்கிறது. அந்தப் பகுதிச் சுவரில் வரிவரியாய்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. தமிழ் அல்ல, மராத்தி. தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே குல மன்னர்களின் கதை முழுவதையும் 1803-ல் கல்லிலே பதித்து வைத்தவர் இரண்டாம் சரபோஜி மகாராஜா. இந்தப் பிள்ளையார் சந்நிதியைப் புதுப்பித்தவரும் அவர்தான்.

இதில் ஒரு வேதனை இருக்கிறது, கவனித்தீர்களா? குலத்தின் ஆட்சிப் பெருமையைக் கல்லில் வெட்டியபோது, ஆளுவதற்கு அவரிடம் நாடு இல்லை. அது கைவிட்டுப் போய் நான்கு வருஷமாகிவிட்டது!

தத்துப்பிள்ளை பட்ட பாடு

சரபோஜி பிறந்தது 1777, செப்டம்பர் 24-ல். தஞ்சை மன்னர் துளஜாவுக்குப் பட்டத்துக்கு வாரிசு இல்லை. எனவே, போன்ஸ்லே குலத்திலேயே பிறந்த இந்தச் சிறுவனை 1787-ல் தத்து எடுத்தார். அதே ஆண்டில் மன்னர் கண்மூடினார். ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு பெரிய அரண்மனையில் தனியாக நின்றது.

துளஜாவின் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். தத்து எடுத்தது சாஸ்திரப்படி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. படிப்பும் இல்லை, பரிவும் இல்லை. அப்போது அந்தப் பிள்ளைக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? ஜெர்மனியிலிருந்து வந்து தஞ்சையில் தங்கியிருந்த சுவார்ட்ஸ் பாதிரியார். அவரை நம்பித்தான் துளஜா மன்னர் பிள்ளையை விட்டுச் சென்றிருந்தார். பாதிரியார் கம்பெனி அதிகாரிகளிடம் முறையிட்டு, சிறுவனைச் சென்னைக்கு அழைத்துப்போகச் செய்தார். ஆங்கிலம் முதலான பாடங்களெல்லாம் அங்கே கற்றார் சரபோஜி.

பாதிரியாரிடம் வளர்ந்தும், சிவபக்தியில் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. வளர்த்த நன்றியையும் மறக்கவில்லை. தத்து செல்லும் என்று பிறகு முடிவாகி, 1798 ஜூன் மாதம் சரபோஜிக்குப் பட்டம் கட்டினார்கள். அதைப் பார்க்கப் பாதிரியார் இல்லை. அந்தப் பிப்ரவரியில்தான் காலமாகியிருந்தார். அவருக்காக இங்கிலாந்துச் சிற்பியைக் கொண்டு சரபோஜி செய்வித்த சலவைக்கல் சிற்பம், பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

ஒரு கையெழுத்து

1799. தென்னாட்டையே புரட்டிப் போட்ட வருஷம் அது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் மாண்டார். அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒன்பதே நாள் கழித்து, அக்டோபர் 25-ல் தஞ்சையில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ராஜ்ஜியத்தின் நிர்வாகம் முழுவதும் கிழக்கிந்திய கம்பெனிக்கு. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, தஞ்சைக் கோட்டை. அவ்வளவுதான்!

மறுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது கண்முன்னே தெரிந்தது. பட்டம் கட்டியதும் கம்பெனிதான். இருபத்திரண்டு வயது மன்னர் கையெழுத்திட்டார். அந்தப் பழி அவர்மேல் இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

எதைக் கேட்டார்?

நாட்டை இழந்தவர் 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்ட் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் கேட்கவில்லை, படை கேட்கவில்லை. சத்திரங்களை என்னிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்டார்!

ராமேஸ்வரம் போகும் பாதையெல்லாம் தஞ்சை மன்னர்களும் ராணிமார்களும் கட்டிவைத்த சத்திரங்கள் இருந்தன. அங்கே நடப்பதையெல்லாம் கடிதத்தில் விவரமாகச் சொல்லியிருந்தார். எந்த ஜாதியாராக இருந்தாலும் வழிப்போக்கர்களுக்குச் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமான்களும் கொடுப்பார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயில் விழுந்தால் வைத்தியர் பார்ப்பார். யாத்திரை வந்த இடத்தில் பிரசவ வலி கண்டால், பிறந்த வீட்டில் கவனிப்பதுபோல் கவனிப்பார்கள். வந்த இடத்தில் யாராவது இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் செய்வார்கள். அநாதையாக நிற்கும் பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். படிக்கும்போதே நெஞ்சு நெகிழ்கிறது. பொழுது சாய்ந்தும் அன்னதானம் ஓயாது. நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைத்து, அவர்களுக்காக வைத்திருக்கும் சோற்றைப் போடுவார்கள்!

நம் வீடுகளில் கடைசி ஆள் சாப்பிட்டாரா என்று பார்த்த பிறகுதானே அடுப்படி விளக்கை அணைப்போம்? ஒரு ராஜ்ஜியமே அப்படிச் செய்திருக்கிறது.

கம்பெனி இணங்கியது. சத்திரங்கள் மன்னர் பொறுப்பில் தொடர்ந்தன. 1802-ல் ஒரத்தநாட்டில், தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக அவர் பெயரிலேயே புதிதாகவும் ஒரு சத்திரம் எழுப்பினார் சரபோஜி.

மிச்சத்தில் மலர்ந்தவை

வரி வசூல், போர் என்ற கவலைகள் போய்விட்டன. கிடைத்த நேரத்தை வித்தைக்கும் வைத்தியத்துக்கும் கொடுத்தார். அரண்மனையில் தன்வந்திரி மகால் அமைத்து மருந்துகளை ஆராயச் செய்தார். கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, அவர்களுடைய கண்களைப் படமாக வரைந்து வைத்த ஏடுகள் இன்றும் உள்ளன. அனுபவ மருந்து முறைகளை எளிய தமிழில் பாட்டாக எழுதச் செய்தார். 1805-ல் அரண்மனையிலேயே ஓர் அச்சுக்கூடமும் வந்தது.

1820-ல் கம்பெனியின் அனுமதியோடு காசி யாத்திரை புறப்பட்டார். கூடவே சுமார் மூவாயிரம் பேர் கொண்ட பரிவாரம்! காசி, பிரயாகை, கயை மூன்றிலும் தீர்த்தமாடினார். நாமெல்லாம் காசியிலிருந்து கங்கைச் செம்பும் கறுப்புக் கயிறும் கொண்டு வருவோம். அவர் சுவடிகளும் கொண்டு வந்தார். நாயக்கர் காலத்திலிருந்து இருந்த அரண்மனை நூலகம் அவரால் நிறைந்து வழிந்தது. அதுதான் இன்றைய சரஸ்வதி மகால்.

1832, மார்ச் 7-ல் சிவபதம் அடைந்தார் சரபோஜி. அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும், மிச்சமிருந்த பட்டத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கம்பெனியும் போயிற்று, வெள்ளையர் ஆட்சியும் போயிற்று. ஏடுகள் இருக்கின்றன. கல்வெட்டு இருக்கிறது. அவர் புதுப்பித்த சந்நிதியில் பிள்ளையாருக்கு விளக்கு எரிகிறது.

நம் குடும்பங்களிலும் ஒருநாள் கொத்துச்சாவி கை மாறும். முடிவெடுப்பவர்கள் வேறு யாராகவோ இருப்பார்கள். பூஜை அறை மூலையில் உட்கார்ந்து, இனி எனக்கு என்ன இருக்கிறது என்று மனசு சோர்ந்துபோகும். அப்படி ஒரு பொழுது வந்தால் தஞ்சை மகாராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கையை விட்டுப் போனபோது, பசித்தவருக்குச் சோறு போடும் பொறுப்பு ஒன்றை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போகும்போது, அந்தப் பிள்ளையார் முன்னால் அவருக்காகவும் ஒரு நிமிஷம் கைகூப்புங்கள்.