குழந்தை நெஞ்சில் கேட்கும் சத்தம்: வழி கண்ட ஹெலன் டாசிக் யார்?

சுரண்டையில் இருந்து கைக்குழந்தையைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. ஸ்டெத்தை வச்சுப் பார்த்த டாக்டர், இதயத்தில் 'மர்மர்' கேட்குது, எக்கோ எடுங்க என்கிறார். குடும்பமே ஆடிப்போயிடும். கர்ப்பத்தில் எதைத் தின்னே என்று தாயைக் குடையும் வீடுகளும் உண்டு. இரத்தம் ஓடும்போது எழும் கூடுதல் சத்தம்தான் இது. பல குழந்தைகளுக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் இருக்காது. கோளாறு உள்ளவங்களுக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஹெலன் டாசிக்.

1898-ல் அமெரிக்காவில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஹார்வர்டில் பெண்களுக்கு அப்போ மருத்துவப் பட்டம் கிடையாது; ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்து 1927-ல் டாக்டரானார். காது கேட்பது குறைஞ்சுக்கிட்டே வந்ததால், குழந்தையின் நெஞ்சில் விரல் வச்சு அதிர்வை உணரப் பழகினார்.

உடம்பு நீலம் பாரித்த குழந்தைகளின் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகலை. கருவில் திறந்திருக்கும் ஒரு குழாய், பிறந்தபின் மூடியதும் அவங்க நிலை மோசமாவதைக் கவனித்தார். அதே மாதிரி வழியைச் செயற்கையா போட்டா என்ன? பாஸ்டன் சர்ஜன் ஒருவர் மறுத்துட்டார். ஆல்ஃபிரட் பிளாலாக் ஒத்துக்கிட்டார். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையை உருவாக்கிய கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸ் பெயர் பல வருஷம் வெளியே வராதது பெரிய அநியாயம்.

1944 நவம்பர் 29-ல் 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் ஆபரேஷன். சில மாதங்களில் அந்தக் குழந்தை இறந்துபோச்சு. அடுத்து வந்த பலர் பிழைச்சாங்க.

அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் பத்மாவதி பிறகு டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் இதய கிளினிக் தொடங்கினார். 1986-ல் கார் விபத்தில் இறந்த டாசிக், தான் பார்த்த குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகும் அவங்களோட தொடர்பில் இருந்தார்.