ஐந்து மலைகளின் பாட்டி: எவலின் பிராண்ட் அம்மையார் (1879–1974)



கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வாழும் நமக்கு வெள்ளாறு புதிதன்று. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தேங்கி, நம் வயல்களை நனைத்து, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் ஆறு அது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? மேற்கே சித்தேரி மலை, கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் பெய்யும் மழைதான் வசிட்ட நதி, சுவேத நதி, கோமுகி, மணிமுத்தாறு எனப் பல பெயர்களில் இறங்கி, ஒன்றுகூடி, வெள்ளாறாக நம்மை வந்தடைகிறது.

மலையிலிருந்து இறங்கிய நீரைச் சமவெளி மக்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுக்கொண்டோம். ஆனால் பள்ளியும், மருந்தும், பாதையும் அம்மலைகளின் மீது ஏறிச் செல்ல நெடுங்காலம் பிடித்தது. அவற்றைச் சுமந்துகொண்டு ஏறியவர்களுள் ஒருவரின் வரலாற்றை இந்த யூபிலி மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவரே மலைவாழ் மக்கள் பாட்டி என்று அன்போடு அழைத்த எவலின் பிராண்ட் அம்மையார்.

அம்மையார் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர்; பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். எனினும் பிரிந்த சகோதர சபையினரிடம் விளங்கும் நற்பண்புகளை மகிழ்ச்சியோடு ஏற்றுப் போற்ற வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்த உள்ளத்தோடு இவ்வரலாற்றைப் படிப்போமாக.

செல்வ மகளும் மலைத் தொண்டரும்

1879ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், வசதி படைத்த வணிகக் குடும்பம் ஒன்றில் எவலின் பிறந்தார். ஓவியக் கலையில் தேர்ச்சி பெற்றவர். பட்டாடையும் பணிவிடையும் பழகிய வீடு. முப்பது வயதைக் கடந்த பின்னரே இந்தியாவில் தொண்டு செய்யும் அழைப்பு அவரை ஆட்கொண்டது. தந்தைக்கும் தமக்கைகளுக்கும் மனமில்லை, ஆயினும் அவர் சென்னைக்குக் கப்பல் ஏறினார், தமிழ் கற்றார்.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1907இல், ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்து சேலம் மாவட்டத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கான மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். சேந்தமங்கலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையே அவர் நெஞ்சில் நிறைந்திருந்தது.

அந்நாளில் கொல்லிமலை என்றாலே சமவெளி மக்களுக்கு அச்சம். ஏறுபவர் எவரும் குளிர்காய்ச்சலுக்குத் தப்ப முடியாது என்பார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு பேருந்துச் சாலை இருக்கிறது. அன்று ஒற்றையடிப் பாதைதான். மேலே ஓடைக்கரைகளில் படிப்படியாக வயல் அமைத்து நெல்லும், சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தனர் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களுக்குப் பள்ளி இல்லை, மருத்துவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் உப்புக்கும் துணிக்கும் தன் விளைச்சலை எந்த விலைக்குக் கொடுப்பான், எந்தத் தாளில் கைநாட்டு வைப்பான் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெஸ்ஸிக்கும் எவலினுக்கும் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. அன்றே மணமக்கள் மலையேறினர். மணப்பெண்ணை டோலியில் வைத்துச் சுமந்தனர். வழியில் மழை பிடித்துக்கொண்டது, இருட்டியும் விட்டது. நனைந்த மணக்கோலத்தோடு அம்மையார் தம் புது வீட்டை அடைந்தார். ஜெஸ்ஸி தம் கையாலேயே கட்டிய வீடு அது. கீழிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த பொருள்களால், கறையான் ஏறாதபடி கால்களின் மேல் நிறுத்திய மரவீடு. வாழவந்தி என்பது அவ்வூரின் பெயர். வாழ வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் வேறு கிடைக்குமா?

பள்ளியும் கிணறும்

மலையில் எதை முதலில் செய்வது? பள்ளி கட்டினால் பிள்ளைகள் வரவேண்டுமே! காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பதும், ஆடு மாடு மேய்ப்பதும், தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் பிள்ளைகளின் வேலை. மேலும், காய்ச்சலில் நடுங்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது. எனவே இருவரும் மருந்துப் பெட்டியையும் பலகையையும் ஒன்றாகவே எடுத்துச் சென்றனர். சிற்றூர் சிற்றூராக நடந்து, பல் பிடுங்கினர்; புண் கழுவினர்; காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தனர். பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். ஏட்டுப் படிப்போடு நிற்காமல் தச்சு வேலை, கட்டட வேலை, பயிர்த்தொழில் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தனர். கற்றவன் மலையை விட்டு ஓடாமல் மலையிலேயே நிமிர்ந்து வாழவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

நரம்புச் சிலந்தி என்னும் நோயை நம் பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகளின் வழியாக இந்நோய்ப் புழு குடிநீரோடு உடலுக்குள் செல்கிறது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, இரண்டு மூன்று அடி நீளப் புழுவாகக் காலில் கொப்புளம் கிளப்பி வெளிவருகிறது. எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் காலை நனைப்பான். அப்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விட, ஊர் முழுவதும் அதையே குடிக்கும். புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்கணக்கில் வெளியே இழுக்க வேண்டும். ஏர் பிடிக்க வேண்டிய உழவன் அத்தனை நாளும் திண்ணையில் கிடப்பான்.

இதற்கு மருந்தைவிட அறிவே பெரிய மாற்று. கிணற்றில் கால் வைக்காதீர்கள், சுற்றிக் கல் சுவர் எழுப்புங்கள், நீரைத் துணியால் வடிகட்டிக் குடியுங்கள் என்று பிராண்ட் தம்பதியர் சலிக்காமல் சொல்லிவந்தனர். ஒரு கைப்பிடிச் சுவர் எத்தனை கால்களைக் காப்பாற்றும் என்பதை மலை மக்கள் கண்ணாரக் கண்டனர். இதே எளிய வழிகளைத்தான் பின்னாளில் அரசாங்கமும் நாடெங்கும் கைக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்ட நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

மனம் திறந்த நாள்

இத்தனை செய்தும் மலை மக்கள் எளிதில் நெருங்கிவிடவில்லை. அவர்களுடைய பூசாரி ஒருவர் இவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்தார். 1918–19இல் உலகையே வாட்டிய நச்சுக் காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. சொந்த உறவினரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, ஜெஸ்ஸியும் எவலினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துச் சென்று ஊட்டினர். எதிர்த்த பூசாரியும் நோயில் வீழ்ந்தார். இறக்கும் தறுவாயில், தம்மைத் தேடி வந்தவர்கள் யார் என்பதை அவர் கண்டார். தம் கைக்குழந்தையான பெண்ணை அவர்களிடமே ஒப்படைத்துக் கண் மூடினார். ரூத் என்று பெயரிட்டு அக்குழந்தையை அம்மையார் தம் மகளாக வளர்த்தார். அதன்பின் கைவிடப்பட்ட பிள்ளைகள் பலர் அந்த வீட்டைத் தேடி வந்தனர்.

அவர்கள் பெற்ற பிள்ளைகள் இருவர்: 1914இல் பிறந்த பால், அவன் தங்கை கோனி. 1923இல் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். ஊரார் பிள்ளைகளின் கல்விக்காகத் தம் பிள்ளைகளைப் பிரிந்த துயரம் எத்தகையது என்பதைப் பெற்றவர்களே அறிவர். பால் மீண்டும் தன் தந்தையைக் காணவே இல்லை. 1929 ஜூன் மாதத்தில், மலேரியா முற்றிச் சிறுநீரும் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் தமது 44ஆம் வயதில் மறைந்தார். அவரை வாழவந்தி மண்ணிலேயே அடக்கம் செய்தனர்.

எழுபதில் தொடங்கிய வாழ்வு

அம்மையாருக்கு அப்போது வயது ஐம்பது. துயரத்தோடு தாயகம் சென்றாலும் மீண்டும் தமிழகம் திரும்பினார். சபையார் அவரைச் சமவெளியிலேயே பணியாற்றப் பணித்தனர். கணவரும் தாமும் கண்ட கனவு ஒன்று அவர் நெஞ்சில் கனன்றுகொண்டே இருந்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, பெரியமலை, சித்தேரி மலை ஆகிய ஐந்துக்கும் செல்லவேண்டும் என்பதே அது.

ஏறத்தாழ எழுபது வயதில் ஓய்வு பெறும் வேளை வந்தது. சபையார் இங்கிலாந்துக்குத் திரும்பச் சொன்னார்கள். அவரோ சபைப் பணியிலிருந்து மட்டும் ஓய்வு பெற்றுக்கொண்டு, தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் மலையேறிவிட்டார்! குதிரைக்குட்டி ஒன்றின் மேல் அமர்ந்து ஊர் ஊராகச் சென்றார். ஒருமுறை கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். அந்நேரம் மகன் பால் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றிருந்தார். அத்தகைய மகன் வந்து கெஞ்சியும் அன்னை மலையை விட்டு இறங்க இசையவில்லை. தாம் இறங்கிவிட்டால் அங்கே பல் பிடுங்கவும், எலும்பு கட்டவும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் யார் இருக்கிறார்கள் என்பதே அவர் கேள்வி. கடைசி இருபது ஆண்டுகள் அவர் குடிசையில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

அவர் ஏறிய மலைகளுள் கல்வராயன் மலையின் ஒரு பகுதி நமது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். (1993இல் மாவட்டம் பிரிந்தபோது அது விழுப்புரத்தோடு சென்றது, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.) 1970களின் நடுப்பகுதிவரை அம்மலை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்தும் விடியாத அந்த மலையில், வெள்ளாற்றின் ஊற்றுக்கண் அருகே, கழி ஊன்றிய ஒரு மூதாட்டி நோயாளிகளின் வாசல்களில் நின்றார்.

1974 டிசம்பரில், 95ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே அவரையும் மலை மக்கள் அடக்கம் செய்தனர். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவ்விருவரும் ஒரே மண்ணில் ஒன்று சேர்ந்தனர்.

நமக்கு ஒரு பாடம்

இன்று கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் தார்ச்சாலைகள் உண்டு. அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. ஆனால் கட்டடம் மட்டும் கல்வி தந்துவிடாது. மலைக்கு மாற்றல் என்றால் தண்ணியில்லாக் காட்டுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று கலங்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. வந்த ஆசிரியர் எப்போது இறங்குவார் என்று நாளை எண்ணினால், பிள்ளையும் எப்போது பள்ளியை விடலாம் என்றே எண்ணும். பிராண்ட் அம்மையார் செல்வத்தால் மலையை உயர்த்தவில்லை. பெரும் பட்டத்தாலும் அன்று. அங்கேயே தங்கினார் என்பதுதான் அவர் செய்த முதல் தொண்டு. மற்றவை எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

நம் பங்குக் குடும்பங்களிலிருந்து ஆசிரியர்களாக, செவிலியர்களாக, பொறியாளர்களாகப் பிள்ளைகள் பலர் உருவாகிவருகின்றனர். அவர்களுள் ஒருவருக்காவது மலையூர் ஒன்றில் பணி வாய்க்குமானால், பெற்றோர்களே, மாற்றலுக்குச் சிபாரிசு தேடி ஓடாதீர்கள். போய் வா, அங்கேயே இருந்து செய் என்று ஆசி கூறி அனுப்புங்கள். யூபிலி என்பது விடுதலையின் ஆண்டு, கடனைத் தீர்க்கும் ஆண்டு என்று திருமறை கூறுகிறது. மலைக்கு நாம் பட்ட தண்ணீர்க் கடன் நெடுங்காலத்தது. அதை அடைக்கும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக!