அத்தியட்சர் அசரியா

திருச்செந்தூருக்கு அணித்தாய்ப் பனைமரங்கள் செறிந்த செம்மணற் பரப்பில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், ஆங்கிலத் திருச்சபையின் குருவாய் விளங்கிய தாமஸ் வேதநாயகத்தின் மகனாகத் தோன்றியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னையாரின் கண்டிப்பான வளர்ப்பே அவரை உருவாக்கியது எனலாம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். ஆயினும் இறுதித் தேர்வின்போது நோயுற்றமையால் பட்டம் பெற்றிலர். பின்னாளில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. கல்லூரி நீங்கியபின் கிறித்தவ வாலிபர் சங்கத்தில் பணியேற்ற அவருக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எட்டி என்னும் இளைஞர் உயிர்த்தோழர் ஆயினார். வெள்ளையரும் இந்தியரும் ஒத்த நிலையில் நின்று பழகுதல் அருகியிருந்த காலம் அது. இந்நட்பின் சுவையை நுகர்ந்தமையாற்போலும், பிறரிடம் அஃதில்லாமை அசரியாவின் நெஞ்சை உறுத்திற்று.

1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். ஆங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் சொந்தப் பொருளைக்கொண்டே கடல் கடந்து தொண்டர்களை அனுப்பிவருதலைக் கண்டு வியந்தார்; உடன் நாணவும் செய்தார். நூறாண்டுக்கு மேலாக இங்கிலாந்து நாட்டுச் சங்கங்களின் உதவியைப் பெற்று வளர்ந்தது திருநெல்வேலித் திருச்சபை. அது பிறருக்கு யாது கொடுத்தது? இவ்வினா அவரை உறங்கவிடவில்லை. மறு ஆண்டிலேயே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. திருநெல்வேலி மக்களின் காணிக்கையால் நிசாம் நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குத் தொண்டர் சென்றனர். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் அமர்ந்திருத்தல் அசரியாவுக்கு ஒவ்வாதாயிற்று. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குச் சென்றார். தெலுங்கு மொழியைக் கற்று, அம்மக்களுள் ஒருவராக வாழ்ந்தார்.

1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மறைப்பணி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய அப்பேரவையில் ஆசிய நாட்டினர் மிகச் சிலரே. அவருள் ஒருவராகிய அசரியா எழுந்து பேசினார். மேல்நாட்டுத் தொண்டரின் ஈகையையும் தியாகத்தையும் நன்றியுடன் போற்றினார். ஆயின், இந்தியத் தோழரைத் தம் இல்லத்திற்கு அழைத்து உடனிருந்து உண்ணுதற்கும் பலர் பின்னிடுதலை மறையாது எடுத்துரைத்தார். பொருளும் உழைப்பும் ஈந்தவரிடம் அவர் இறுதியாக வேண்டியது நட்பு ஒன்றே. அவையோருட் சிலர் சினந்தனர், சிலர் தலைகவிழ்ந்தனர். உதவி பெறுவோன் உதவுவோனை நோக்கி இவ்வாறு கூறுதல் எளிதன்று.

ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சராக இந்தியர் ஒருவரை உயர்த்தலாமா என்னும் வழக்கு அடுத்து எழுந்தது. வெள்ளைக் குருமார் இந்தியருக்குக் கீழ்ப்படிவரோ என ஒரு சாரார் ஐயுற்றனர். வியப்பு யாதெனின், திருநெல்வேலியிலேயே சிலர் எதிர்த்தமைதான். சாதிப்பற்று அத்துணை வலிது. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் மட்டும் தளராது துணைநின்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில், தூய பவுல் பேராலயத்தில், அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். ஆங்கிலத் திருச்சபையில் அந்நிலை எய்திய முதல் இந்தியர் அவரே.

தோர்ணக்கல்லில் அவரை அடைந்தோர் பெரும்பாலும் தீண்டாமைக் கொடுமையால் நலிந்த ஏழைகள். அவ்வேழைகளும் கொடுக்கக் கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைக்கும் வழக்கம் வீடுதோறும் பரவிற்று. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் கட்டடச் சாயல்கள் கலந்த பேராலயம் ஒன்றை அங்கு எழுப்பினார். அது முற்றுப்பெற்று 1939இல் திறக்கப்பெற்றது.

மேல்நாட்டுச் சபைகளின் பிரிவினைகள் இந்நாட்டு மக்களையும் கூறுபடுத்துதல் கண்டு அவர் வருந்தினார். 1919இல் தரங்கம்பாடியில் கூடி ஒன்றிப்புக்கு வித்திட்டோருள் அவரும் ஒருவர். 1930இல் இலண்டன் இலாம்பெத்து மாநாட்டிலும், உலகெங்கணுமிருந்து வந்த ஆங்கிலத் திருச்சபை அத்தியட்சர்களின் முன் அவ்வழக்கையே எடுத்துரைத்தார். 1945 சனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவர் மறைந்தார். அவர் உழைத்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தோன்றியபோது, அதனைக் காண அவர் இல்லை.