சாமிக்கண்ணு வின்சென்ட்

கோவை மாநகரில் வெரைட்டி ஹால் சாலை எனப் பெயரிய வீதி ஒன்று உண்டு. நாள்தோறும் அவ்வழியே செல்வார் மிகப் பலர். அப்பெயர் எவ்வாறு வந்ததென வினவுவார் மிகச் சிலர். அது படக்காட்சி மன்றம் ஒன்றன் பெயர். அதனை நிறுவியவர் கோவை ஈன்ற சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் பெரியார்.

இவர் 1883-ஆம் ஆண்டில் பிறந்தார். வாலிபப் பருவத்தில் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் அலுவல் ஏற்றார். திங்கள்தோறும் தவறாது ஊதியம் தரும் அவ்வேலையைப் பெற்றோர் பேறு பெற்றோராகவே அக்காலத்தில் மதிக்கப்பட்டனர்.

1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர்தோறும் படங்காட்டி வந்தவர், திருச்சியில் நோயுற்றார். தாய்நாடு திரும்ப விழைந்து, தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முற்பட்டார். ஏறத்தாழ 2,000 ரூபாய் விலை. அஃது எளிய ஊழியர் ஒருவர்க்கு மலையனைய தொகை. எனினும் 22 வயதினரான வின்சென்ட் அதனைத் திரட்டிக் கருவியை வாங்கினார்; அலுவலையும் துறந்தார். படக்காட்சியால் ஒருவன் பிழைக்கக்கூடும் என்பது தமிழ்நாட்டில் அன்று உறுதியன்று.

கருவி கைக்கு வந்த அளவில் காட்சி வந்துவிடாது. நல்ல ஒளி வேண்டும், திரை வேண்டும், திரைக்கும் கருவிக்கும் உரிய தொலைவு வேண்டும், படச்சுருளைச் சீராகச் சுழற்றும் கை வேண்டும். அச்சுருளோ எளிதில் தீப்பற்றும் இயல்பினது. இவற்றுள் ஒன்று பிழைப்பினும் காண வந்தோர் கலைவர். இவையனைத்தையும் கூடாரம் ஒன்றனுள் ஒருங்கமைத்து, வின்சென்ட் தென்னாட்டு ஊர்களில் படங்காட்டினார். வடக்கே பெஷாவர் வரையும் சென்றார். பின்னர்ப் பாதே நிறுவனத்தாரின் கருவிகளை விற்கும் முகவராகிப் பிறரும் இத்தொழிலில் இறங்க வழிசெய்தார்.

1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவினார். தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் நிறுவிய நிலையான படமன்றங்களுள் அது முற்பட்டது. பைக்காரா நீர்மின்சாரம் அந்நாளில் இல்லை. அது 1930-களிலேயே கிடைத்தது. ஆதலின் மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அவ்வாற்றலை அச்சகத்திற்கும் அரிசி ஆலைக்கும் பயன்படுத்தினார்.

அதுகாறும் படங்கள் ஊமைப் படங்களே. 1931-இல் காளிதாஸ் வெளிவந்ததும் தமிழ் திரையில் ஒலிக்கலாயிற்று. படத்தோடு ஒலியையும் இணைக்க வேண்டிய புதிய கடமை மன்றங்களுக்கு உண்டாயிற்று. படச்சுருளின் ஓரத்தே பதிந்த ஒலிவரியின் ஊடே ஒளி பாயும்; ஒளிமின்கலம் அதனை மெல்லிய மின்னோட்டமாக்கும்; பெருக்கி அதனை வலுப்படுத்தும்; கம்பிவழிச் சென்று திரையின் பின்னுள்ள ஒலிபெருக்கியில் அது குரலாகும். இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறினும் நடிகர் வாயசைப்பர், சொல் எழாது.

மாற்றங்கண்டு வின்சென்ட் மருண்டாரல்லர். கல்கத்தா பயனீர் நிறுவனத்தாருடன் சேர்ந்து, டி. பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணத்தை 1933-இல் வெளிவரச் செய்தார். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றவும் துணைநின்றார். 1942-இல் மறைந்தார்.

இன்று படமன்றம் வீட்டினுள்ளேயே வந்துவிட்டது. எனினும் அவர் கைக்கொண்ட நெறி மாறிற்றிலது. எச்.டி.எம்.ஐ. கம்பி படத்தையும் ஒலியையும் ஒருங்கே கொண்டுசெல்லும். ஒளியிழைக் கம்பியோ ஒலியை மட்டுமே கொண்டுசெல்லும். தொலைக்காட்சியின் ஒலி அதே எச்.டி.எம்.ஐ. கம்பிவழிப் பெருக்கிக்கு மீள வேண்டுமாயின், இருபுறமும் ஏ.ஆர்.சி. எனக் குறித்த துளைகளையே இணைத்தல் வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பியில் கூட்டற்குறி கூட்டற்குறியோடும் கழித்தற்குறி கழித்தற்குறியோடும் சேர்தல் முறை. இரண்டனுள் ஒன்றில் மட்டும் இவை மாறின் தாழ்ந்த ஒலிகள் மெலிந்துபோம். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கருவிகளும் முறையறியாது பிணைத்தவிடத்து வாளா கிடக்கும்.

பொருளைப் பெறுதல் வேறு. பெற்றவற்றை இயைபுறச் சேர்த்துப் பயன்கொள்ளுதல் வேறு. முன்னது பணத்தால் ஆவது. பின்னது அறிவாலும் பொறுமையாலும் ஆவது. வின்சென்ட் வாங்கிய கருவி பிறரும் வாங்கியிருக்கக் கூடியதே. அதனோடு ஒளியையும், மின்னாற்றலையும், மன்றத்தையும், ஒலியையும் ஒவ்வொன்றாக இணைத்தமையே அவர்தம் பெருமை. கல்லூரியில் பல கலைகளையும் தனித்தனியே கற்கும் நாம் எண்ணிப் பார்த்தற்குரியது இவர் வாழ்க்கை.